தக்காளிக்குப் போர்த்திய கல்யாணக் கவுன்

ஹார்லன்
ஏப்ரல் 13

அன்புள்ள கொரீனுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால், நின்று நின்று கால் வீங்கியிருக்கிறது என்று எழுதுவாய். அதனால் நேராகவே கேட்கிறேன்: கால் எப்படி இருக்கிறது?

வீடு விற்றாகிவிட்டது. வாங்கியவர்கள் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் இளம் தம்பதி. அந்தப் பெண் சமையலறைச் சுவரைத் தட்டிப் பார்த்து, "இத இடிச்சிடலாம்ல?" என்று என் முன்னாலேயே புருஷனிடம் கேட்டாள். உன் அப்பா பூசிய சுவர். நான் சிரித்துக்கொண்டு காபி ஊற்றினேன். மே மாதக் கடைசியில் உன் தம்பி டேல் லாரி எடுத்துக்கொண்டு வருகிறான். பிறகு நான் அரிசோனாக்காரி. அங்கே பனியே பெய்யாதாம். ஏதோ சொர்க்கத்துக்குக் கூட்டிப்போவது போலச் சொல்கிறான். பனி இல்லாத ஊரில் ஜனங்கள் எதைப் பற்றிக் குறைபட்டுக்கொள்வார்களோ தெரியவில்லை.

அன்னையர் தினத்துக்கு வா. இந்த வீட்டில் அதுதான் கடைசி. எட்டு வருடமாக ஒவ்வொரு மே மாதமும் உனக்கு வேலை இருக்கிறது. நான் ஏன் என்று கேட்டதில்லை. இந்த ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன்.

தக்காளி நாற்று ஜன்னலோரம் நிற்கிறது. விற்ற வீட்டில் எதற்கு நாற்று என்று அடுத்த வீட்டு அர்லீன் கேட்டாள். "பழக்கம்" என்றேன். வழக்கம்போல அன்னையர் தினம் கழித்து, பனி பயம் போனதும்தான் நடுவேன். நீ வந்தால் குழி தோண்ட ஆள் ஆச்சு.

போனில் பேசலாம்தான். மூன்றாவது வார்த்தையில் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. தாளில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது.

அன்புடன்,
அம்மா


டென்வர்
ஏப்ரல் 21

அன்புள்ள அம்மா,

கால் வீங்கித்தான் இருக்கிறது.

வர முடியாது. சமையலறைக் கதவில் இப்போதே தாள் ஒட்டிவிட்டார்கள்: அன்னையர் தினத்தன்று யாருக்கும் விடுப்பு கிடையாது, நோய் வந்தாலும் மருத்துவரின் கையெழுத்து வேண்டும். அந்தத் தாளைச் சுற்றி ரோஜாப் பூ வரைந்திருக்கிறார்கள். மேலாளர் கெட்டரிங் அதை ஒட்டும்போது, "நம்ம ஓட்டல் அம்மாக்களைக் கொண்டாடுற ஓட்டல்" என்று பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் அம்மாக்கள். பாத்திரம் கழுவும் ஒஃபீலியாவின் மூன்று பிள்ளைகளும் மெக்சிகோவில் அவள் அம்மாவிடம் வளர்கிறார்கள். அவள் என் காதில், "என்னை எப்படி கொண்டாடுவாராம்? புது ஸ்பாஞ்ச் தருவாரா?" என்றாள்.

முந்நூறு பேருக்கு மேசை. ஆம்லெட் அடுப்பு என்னுடையது. பட்டுச் சட்டை போட்ட மகன்கள் வருடத்தில் ஒரு நாள் அம்மாவை அழைத்து வருவார்கள், அம்மா காளான் வேண்டாம் என்பாள், மகன் எனக்குப் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பான். இந்தக் கூத்துக்குப் பூக்கடைக்காரன், வாழ்த்து அட்டைக்காரன், ஓட்டல்காரன் மூவரும்தான் உண்மையான பிள்ளைகள்.

வேறொரு ஞாயிறு வருகிறேன். அந்த ஞாயிறு மட்டும் வேண்டாம். உன் சர்ச் பெஞ்சில் நான் உட்கார மாட்டேன்.

கொரீன்


ஹார்லன்
ஏப்ரல் 27

அன்புள்ள கொரீனுக்கு,

சர்ச்சுக்கு வா என்று நான் எழுதவே இல்லையே. வீட்டுக்குத்தானே கூப்பிட்டேன்.

நீ வர முடியாவிட்டால் நான் வருகிறேன். அர்லீனின் மகன் வெண்டல் அன்றைக்கு உங்கள் ஓட்டலில்தான் மேசை பிடித்திருக்கிறான். மூன்றாவது நாற்காலி சும்மா இருக்கிறதாம். நான் உன் அடுப்பு முன்னால் வரிசையில் நிற்பேன். நீ எனக்கு ஆம்லெட் போடு. காளானும் போடு, எல்லாமும் போடு. பேச நேரமில்லாவிட்டால் பரவாயில்லை, உன்னை வெள்ளைத் தொப்பியில் ஒரு தடவை பார்த்துவிட்டு அரிசோனா போகிறேன்.

நீல உடையை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். இடுப்பில் பிடிக்கிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு சாப்பிடலாம்.

அன்புடன்,
அம்மா


டென்வர்
மே 2

அம்மா,

வராதே.

எங்கள் ஓட்டல் வாசலில் ஒரு பெண்ணை நிறுத்துவார்கள். உள்ளே வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் "நீங்க அம்மாவா?" என்று கேட்டு, ஆமாம் என்றால் ஒரு கார்னேஷன் பூ கொடுப்பாள். நீ தலையாட்டிப் பூ வாங்குவதை அடுப்புக்குப் பின்னால் நின்று பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

தெரியாத மாதிரி எழுதுகிறாய், அதனால் எழுதிவிடுகிறேன். எட்டு வருடத்துக்கு முன்னால், பிப்ரவரியில் டெசா பிறந்தாள். பிறக்கும்போதே மூச்சு இல்லை. நான் அவளைக் கையில் வைத்திருந்தேன், பெயர் வைத்தேன், புதைத்தேன். அந்த மே மாதம் பாதிரியார் ஹோல்ம், "அம்மாக்கள் எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்றார். நான் எழுந்தேன். யோசித்து எழவில்லை, கால் தானாக எழுந்தது. நீ என் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தாய். "உக்காருடி, எல்லாரும் பாக்குறாங்க" என்றாய். நான் உட்கார்ந்தேன். பூக்கூடை என்னைத் தாண்டி அர்லீனிடம் போனது.

புருஷன் விட்டுப் போனான். அது எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. அந்தக் கோட்டை மட்டும் இன்னும் போட முடியவில்லை.

நாற்காலியை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்.

கொரீன்


ஹார்லன்
மே 6

கொரீன்,

கடிதம் வந்தது. படித்தேன்.

நான் வரவில்லை.

கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. தக்காளியை இன்றைக்கே நட்டுவிட்டேன், எல்லாவற்றையும். அர்லீன் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "அன்னையர் தினத்துக்கு முன்னாடியா? வெல்டா, உனக்கு மூளை கலங்கிடுச்சா?" என்றாள். சனிக்கிழமை பனி வரும் என்று வானொலியில் சொல்கிறார்கள். வானொலியை யார் நம்புகிறார்கள். கொல்லையில் லைலாக் பூமரம்கூட மொட்டு விட்டிருக்கிறது.

அம்மா


விண்டம் உயர்நிலைப்பள்ளி, விளையாட்டுக் கூடம்
மே 10, ஞாயிறு

அன்புள்ள கொரீனுக்கு,

வரமாட்டேன் என்று எழுதியவள் வந்துகொண்டிருந்தேன், பாதி வழியில் மாட்டிக்கொண்டேன். இந்தத் தாள் பள்ளிக்கூடத்து மதிப்பெண் தாளின் பின்பக்கம். திருப்பிப் பார்த்தால் ஏதோ ஒரு பையன் அல்ஜீப்ராவில் தேறாதது தெரியும்.

நேற்று மாலையே பனி தொடங்கிவிட்டது. ஊரே வெளியே ஓடியது. போர்வை, வாளி, பழைய திரைச்சீலை, அர்லீன் வீட்டில் செத்துப்போன புருஷனின் உள்ளாடை வரை செடிகளுக்கு மேல் விழுந்தது. என் வீட்டில் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது. கைக்குக் கிடைத்த இரண்டு விரிப்பையும் போர்த்தினேன், பற்றவில்லை. உன் பெட்டியைத் திறந்தேன். மேலாக இருந்தது உன் கல்யாணக் கவுன். மன்னித்துக்கொள். கீழ்ப்பாவாடை அகலமானது, ஒரு வரிசையே அடங்கிவிட்டது.

காலையில் பனி கொஞ்சம் நின்றது. வெண்டல், "முன்பணம் திருப்பித் தரமாட்டாங்க, கிளம்புங்க. என் வண்டிக்கு பனியிலயும் நாலு சக்கரமும் சுத்தும்" என்றான். அர்லீன் காரில் ஏறினாள். நான் வாசலில் நின்றேன், நீல உடை போட்டிருந்தேன். ஏன் போட்டேன் என்று கேட்காதே. ஏறிவிட்டேன்.

நாலு சக்கரமும் சுற்றின, அதே இடத்தில். விண்டம் அருகே போலீஸ்காரர் பனிக்காகத் தடுப்புக் கதவு போட்டு நெடுஞ்சாலையை மூடிவிட்டார். அக்கம்பக்கத்துக் கார்களையெல்லாம் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். இப்போது இங்கே கூடைப்பந்துக் கம்பத்தடியில் எங்கெங்கோ விருந்துக்குக் கிளம்பிய அம்மாக்கள், தொப்பியும் முத்துமாலையுமாக, குஸ்தி மெத்தைகளில் உட்கார்ந்திருக்கிறோம். விருந்து என்ன தெரியுமா? டப்பா பீன்ஸ். மகன்கள் மூலையில் நின்று கடிகாரம் பார்க்கிறார்கள், நீ எழுதியது சரிதான். ஒருத்தி மகனைப் பார்த்து, "எங்கடா போகப் போற, உக்காரு. இன்னைக்குத்தான் நீ ஓட முடியாது" என்றாள். கூடமே சிரித்தது.

போன் செத்துக் கிடக்கிறது. உன்னிடம் சொல்ல வழியில்லை.

ஒரு பூ லாரியும் எங்களோடு மாட்டிக்கொண்டது. ஓட்டுநர், நாளைக்கு இதை யார் வாங்குவார்கள் என்று பெட்டி பெட்டியாக உள்ளே கொண்டுவந்தார். கழுத்தில் விசில் மாட்டிய பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி அதை ஊதி, "அம்மாக்கள் மட்டும் எந்திரிச்சு வரிசையா வாங்க!" என்று கத்தினாள். நான் எழுந்தேன். என் முறை வந்ததும், "ரெண்டு குடும்மா" என்றேன்.

"ரெண்டாவது யாருக்கு பாட்டி?"

"என் பொண்ணுக்கு. அவளும் அம்மாதான்."

அர்லீன் வாயைத் திறந்தாள். "வாய மூடு அர்லீன்" என்றேன். மூடிக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது, கொரீன். கூரை இடிந்து விழவில்லை. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதற்கா நான் அன்றைக்கு அவ்வளவு பயந்தேன் என்று பீன்ஸ் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பூவைக் குடிநீர்க் குழாய்க்குக் கீழே தாள் குவளையில் வைத்திருக்கிறேன். சாலை திறந்ததும் தபாலில் போடுகிறேன், கடிதத்தை. பூவை எப்படி அனுப்புவது என்று தெரியவில்லை.

அம்மா


உன் சமையலறை, ஹார்லன்
மே 11, திங்கள் காலை

அம்மா,

இதை உன் மேசையில், உப்புக் குப்பிக்குக் கீழே வைத்துவிட்டுப் போகிறேன். நீ எங்கே?

நேற்று என்ன நடந்தது என்று கேள். வேலைக்கு வராமல் போய்விடுவோம் என்று சனிக்கிழமையே எங்களை ஓட்டலிலேயே நிறுத்திக்கொண்டார்கள், விருந்துக்கூட நாற்காலிகளில் தூங்கினோம். விடிந்ததும் முட்டை உடைத்தோம், பன்றித்தொடை சுட்டோம், பனிக்கட்டியில் செதுக்கிய அன்னப்பறவையை நடுவில் வைத்தோம். வெளியே ஜன்னல் பாதிக்குப் பனி. உள்ளே காசு கொடுத்து வாங்கிய பனி. வந்த ஒரே விருந்தாளி, மேலே அறை எடுத்துத் தங்கியிருந்த டயர் வியாபாரி. வாசலில் நின்ற பெண் பழக்க தோஷத்தில் அவரிடமும், "நீங்க அம்மாவா?" என்று கேட்டுவிட்டாள். அவர் யோசித்துவிட்டு, "பூ சும்மாதானே?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

கெட்டரிங் தொலைபேசிக்கும் வாசலுக்கும் ஓடினார், பிறகு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒஃபீலியா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து கூடத்தைப் பார்த்தாள். "முந்நூறு அம்மாவுக்கு முட்டை ஒடைச்சு வெச்சிருக்கோம். நாம யாரு, கோழியா? உக்காருங்கடி" என்றாள். உட்கார்ந்தோம். பாத்திரம் கழுவுகிறவர்கள், படுக்கை விரிக்கிறவர்கள், எல்லோரும் வெள்ளைத் துணி விரித்த மேசையில். நான் எல்லோருக்கும் ஆம்லெட் போட்டேன். ஒருத்தியாவது காளான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பிறகு ஒஃபீலியா பூக்கூடையைத் தூக்கினாள். "அம்மாவா இருக்குறவ எல்லாம் எந்திரிங்க." எழுந்தார்கள். நான் அடுப்பைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். அவளுக்கு டெசாவைப் பற்றித் தெரியும், ஒரு நாள் சொல்லியிருக்கிறேன். வந்து என் ஏப்ரனைப் பிடித்து மேலே இழுத்தாள். "நீ என்னடி குனியிற? எந்திரி." நிமிர்ந்தேன். பூ வாங்கினேன்.

வாங்கியதும் முதலில் நினைத்தது உன்னைத்தான். கோபமாக நினைக்கவில்லை, அதுதான் எனக்கே ஆச்சரியம்.

மதியம் எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். ஒஃபீலியாவின் கொழுந்தன் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறான், வடக்கே வருகிறான் என்றாள். ஏறிவிட்டேன். மூடிய சாலையில் நாங்கள் மட்டும். விண்டம் பள்ளிக்கூடத்தின் முன்னால் கார்கள் புதைந்து கிடந்தன. "உள்ள பூரா மாட்டிக்கிட்ட அம்மாங்களாம், பாவம், பீன்ஸ் தின்னுக்கிட்டிருக்காங்களாம்" என்றான் கொழுந்தன். நாங்கள் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

வந்து பார்த்தால் வீடு காலி. சுவரெல்லாம் பெட்டி. அர்லீன் வீட்டிலும் ஆள் இல்லை. என் கடிதத்தைப் படித்துவிட்டு நீ டேலை வரச்சொல்லி முன்னதாகவே கிளம்பிவிட்டாயோ என்று நினைத்தேன். பின்பக்கம் போனேன். பனிக்கு நடுவே என் கல்யாணக் கவுன் கைகளை விரித்துக்கொண்டு படுத்திருந்தது. ஒரு நொடி என்னையே புதைத்துவிட்டாய் என்று பயந்துபோனேன், பிறகு அடியில் தக்காளியைப் பார்த்தேன். அம்மா, அந்தக் கவுனுக்கு இவ்வளவு நல்ல வேலை இதுவரை யாரும் கொடுத்ததில்லை.

லைலாக் பனிக் கனத்தில் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. துடைப்பத்தால் ஒவ்வொரு கிளையாகத் தட்டிவிட்டேன். பெரிய கிளை ஒன்று எனக்கு முன்பே முறிந்துவிட்டது. அதை வெட்டி வாளித் தண்ணீரில் வைத்திருக்கிறேன். இருட்டும்வரை உனக்காகக் காத்திருந்தேன், என் பழைய அறையில் தூங்கினேன். கொழுந்தன் ஹாரன் அடிக்கிறான். நாளைக்கு வேலை.

எங்கே இருந்தாலும் எழுது.

கொரீன்


ஹார்லன்
மே 12

அன்புள்ள கொரீனுக்கு,

நேற்று மதியம் வந்தேன். உன் காபி மணம் இன்னும் வீட்டில் இருந்தது. நீல உடையோடு மேசையில் உட்கார்ந்து படித்தேன். நீ சிரித்துக்கொண்டு போன பள்ளிக்கூடத்தில் பீன்ஸ் தின்றவர்களில் நானும் ஒருத்தி. அங்கிருந்து போட்ட கடிதம் இதற்குள் வந்திருக்கும். பனி தள்ளும் லாரி ஒன்று போன சத்தம் கேட்டு, சாலை திறக்கிறது என்று எல்லோரும் கைதட்டினோம். உனக்குத்தான் கைதட்டியிருக்கிறோம்.

இப்போது கெட்ட செய்தி. இந்தப் புயலில் டேல் பயந்துபோனான். இன்னொன்று வருவதற்குள் கிளம்ப வேண்டும் என்று நாளைக்கே லாரியோடு வருகிறான். வியாழன் காலை புறப்படுகிறோம். மலைக்கு அந்தப் பக்கச் சாலையாம், டென்வர் வழியில் வராது. டென்வர் போகலாம் என்று அவனிடம் தொலைபேசியில் சொல்லிப் பார்த்தேன். "அவ வந்து பாக்கட்டும்மா, எப்பவும் நாமளா போகணும்?" என்கிறான். உன் தம்பிக்கு ஒன்றும் தெரியாது. நான்தான் ஒன்றும் சொன்னதில்லை.

டென்வருக்குப் போன் இன்னும் போகவில்லை; இந்தத் தாள் நாளைக் காலையே உனக்குக் கிடைத்து, முடிந்தால் புதன் ஒரு மணி நேரமாவது வா. முடியாவிட்டால், இந்தத் தடவை நிஜமாகவே புரிந்துகொள்வேன்.

விரிப்புக்கு அடியில் இருந்த தக்காளியெல்லாம் கருகிவிட்டது. உன் கவுனுக்கு அடியில் இருந்தது மட்டும் பிழைத்தது. இரண்டைத் தொட்டியில் மாற்றி அர்லீனிடம் உனக்காகக் கொடுத்திருக்கிறேன். கவுனை அலசிக் காயப்போட்டேன், மண் கறை போகவில்லை.

விண்டம் பூவில் ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். உன்னுடையதை இந்தத் தாளுக்குள் வைத்து அமுக்கியிருக்கிறேன். எட்டு வருடத் தாமதம், வாடித்தான் இருக்கும்.

அன்புடன்,
உன் அம்மா,
டெசாவின் பாட்டி


ஹார்லன், அர்லீன் வீட்டு வாசல்
மே 17, ஞாயிறு

அன்புள்ள அம்மா,

இதை அரிசோனா விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

விண்டம் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. அன்றே கெட்டரிங்கிடம் போய் இரண்டு நாள் விடுப்பு கேட்டேன். "அன்னையர் தினத்துக்குத்தான் உனக்கு விடுப்பு குடுத்தாச்சே" என்றார். பனியில் கூலியில்லாமல் துரத்திய அரை நாளை எல்லோர் பேரிலும் விடுப்பு என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஒஃபீலியாவும் மற்றவர்களும் இப்போது இதற்காக ஒரு மனு எழுதுகிறார்கள். முதல் கையெழுத்து என்னுடையது. வேலை போனாலும் போகட்டும்.

பனியில் தபால் தேங்கிப்போய், நீ வியாழன் கிளம்புகிறாய் என்ற கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அதற்குள் நீ மலைக்கு அந்தப் பக்கம் போயிருப்பாய். புதன் அன்று கேட்காமலே கிளம்பியிருக்கலாம். மே மாதக் கடைசிவரை நாள் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். எட்டு வருடமும் அப்படித்தான் நினைத்தேன்.

இன்றைக்கு ஒஃபீலியா என் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறாள். பஸ்ஸில் வந்தேன். உன் ஜன்னலில் வீடு வாங்கிய பெண்ணின் திரைச்சீலை. உள்ளே சுவர் இடிக்கும் சத்தம். லைலாக் பூத்திருக்கிறது, முறிந்த பக்கம் தவிர. அர்லீன் தக்காளித் தொட்டிகளைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில், "உங்கம்மா என்னை அத்தனை பேர் முன்னாடி வாய மூடுன்னுட்டா. நாப்பது வருஷத்துல மொத தடவை" என்றாள். பிறகு உள்ளே போய் ஒரு துண்டு கேக் கொண்டுவந்தாள். தின்றுகொண்டே இதை எழுதுகிறேன்.

கவுன் இங்கேதான் கொடியில் தொங்குகிறது. அதை எடுத்துப் போகிறேன். டென்வரிலும் பனி வரும்.

பூ உடைந்துதான் வந்தது. இதழ்களைத் தாளிலிருந்து பொறுக்கி எடுத்து, இத்தனை வருடம் போடாத அந்தக் கோட்டுப் பையில் போட்டிருக்கிறேன். கோட்டு இப்போது என்மேல் இருக்கிறது.

அரிசோனாவில் எந்தச் சர்ச் என்று பார்த்து வைத்து எழுது. அடுத்த மே மாதம் வருகிறேன், எவன் என்ன தாள் ஒட்டினாலும். பெஞ்சின் ஓரத்தில் எனக்கு இடம் பிடித்து வை. அம்மாக்களை எழுந்து நிற்கச் சொல்லும்போது நானும் எழுவேன். அப்போது என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொள். இழுக்காதே, சும்மா பிடித்துக்கொள்.

கொரீன்